சூடு தேடி

ஜனவரி 9
தருமபுரியில் இந்த வருஷம் பனி அதிகம். அப்பாவுக்கு இரவெல்லாம் நடுக்கம். தொட்டால் சுடுகிறது, அவரோ "இன்னொரு கம்பளி போடும்மா" என்கிறார்.

ஜனவரி 10
வேதாரண்யத்தில் இறால் குட்டை வைத்திருக்கும் தம்பி பேசினான். "தண்ணி 24 டிகிரிக்கு வந்துருச்சுக்கா. செக் ட்ரேல போட்ட தீவனம் அப்படியே கிடக்குது." செக் ட்ரே என்பது இறால் தின்கிறதா என்று பார்க்கக் குட்டையில் இறக்கும் தட்டு. அவன் வளர்க்கும் வன்னாமி இறாலுக்கு 28, 30 டிகிரி வேண்டும். உடம்புக்குள் சூட்டை உண்டாக்கிக்கொள்ள அதற்கு வழியில்லை, தண்ணீரின் சூடுதான் அதன் சூடு. இடம் மாறித்தான் சமாளிக்கும். வெயில் ஏறினால் கரையோரத்தை விட்டு ஆழத்துக்குப் போகும், மேல்தண்ணீர் குளிர்ந்தாலும் ஆழத்துக்குத்தான். குட்டை முழுக்கக் குளிர்ந்துவிட்டால் எங்கே போகும்? தூக்கமே வரவில்லை.

ஜனவரி 11
அப்பாவுக்குக் காய்ச்சல் 102.

ஜனவரி 12
1979இல் ஒரு கடல் இறாலுக்கு புரோஸ்டாகிளாண்டின் ஊசி போட்டிருக்கிறார்கள். நம் உடம்பில் காய்ச்சலை மூட்டுவதும் அந்த வகைப் பொருள்தான். ஊசி போட்ட இறால் சூடான தண்ணீருக்கு நகர்ந்துபோனது. அடுத்த வருஷம் இறாலின் உறவான கிரேஃபிஷுக்குச் செத்த பாக்டீரியாவைச் செலுத்திப் பார்த்தார்கள். அதுவும் சூட்டைத் தேடிப் போனது. பாராசிட்டமால் கொடுத்ததும் தேடல் அடங்கியது. படித்ததும் எனக்கு உடம்பு சிலிர்த்தது. அப்பாவின் தலைமாட்டில் இருப்பதும் அதே மாத்திரை. அவர் கம்பளி கேட்பதும் அதே தேடல்தான். அதை அடக்கலாமா என்று ஒரு நிமிஷம் தயங்கினேன். ஆனாலும் டாக்டர் சொன்ன நேரத்துக்கு மாத்திரையைக் கொடுத்தேன். வயசான இதயம், அதை வைத்துச் சோதனை பண்ண முடியாது.

ஜனவரி 14
போகி. எதையும் எரிக்கவில்லை. புகை அப்பாவுக்கு ஆகாது.

ஜனவரி 15
பொங்கலுக்கும் தம்பி வரவில்லை. பக்கத்துக் குட்டையில் வெள்ளைப்புள்ளியாம், இறாலைக் கொல்லும் வைரஸ் நோய். கோபமாகத்தான் போனை எடுத்தேன், அவன் குரலைக் கேட்டதும் ஒன்றும் சொல்ல வரவில்லை. 32, 33 டிகிரித் தண்ணீரில் வைத்தால் அந்த வைரஸ் தொற்றிய வன்னாமியும் பிழைக்கிறது என்று ஆய்வகங்களில் பார்த்திருக்கிறார்கள். தொட்டிக்கு ஹீட்டர் போடலாம், ஏக்கர் கணக்கில் கிடக்கும் குட்டைக்கு? சூடு ஏற ஏறத் தண்ணீரில் ஆக்சிஜனும் குறையும். ராத்திரி பூரா, தண்ணீரில் காற்றைக் கலக்கும் ஏரேட்டர் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறானாம். சாப்பிட்டானா என்று கேட்க மறந்துவிட்டேன்.

ஜனவரி 16
மத்தியானம் அப்பா கம்பளியைத் தானே தள்ளிவிட்டு ரசம் சோறு கேட்டார். அவ்வளவு சந்தோஷம் எனக்கு! சாயங்காலம் மறுபடியும் நடுக்கம். ரத்தம் எடுத்துப் போயிருக்கிறார்கள், காலையில் ரிப்போர்ட் வரும். தம்பியிடம் இன்னும் சொல்லவில்லை.