முழங்கால் வலி என்றால் இடுப்பையும் பாருங்கள்

பருமனான பிள்ளை முழங்கால் வலிக்கிறது என்று சொன்னால், "எடை கூடிவிட்டது, அதனால்தான், கொஞ்சம் ஓடியாடினால் சரியாகிவிடும்" என்பதுதான் பெரும்பாலான வீடுகளில் கிடைக்கும் பதில். இயன்முறை மருத்துவம் செய்கிறவள் என்ற முறையில், இதன் முற்பாதியை ஏற்கிறேன். பிற்பாதி சில பிள்ளைகளுக்கு ஆபத்தானது.

வளரும் எலும்பின் முனைக்கு அருகே வளர்ச்சித் தட்டு என்னும் குருத்தெலும்பு அடுக்கு இருக்கிறது. எலும்பு நீள்வது அங்கேதான். வளர்ச்சி முடியும்வரை அந்த எலும்பின் வலுக்குறைந்த இடமும் அதுவே. நடக்கும்போது இடுப்பு மூட்டின் மீது உடல் எடையைப் போல் ஏறக்குறைய இரண்டரை முதல் மூன்று மடங்கு விசை இறங்குவதால், கூடுதலாகச் சேர்ந்த 20 கிலோ அந்த மூட்டுக்கு 50, 60 கிலோவாகவே போய்ச் சேர்கிறது. உயரம் வேகமாகக் கூடும் பூப்புப் பருவத்தில், தொடை எலும்பின் பந்து போன்ற தலைக்கும் அதன் கழுத்துக்கும் இடையிலுள்ள தட்டு இந்தச் சுமையைத் தாங்காமல் நழுவிவிடுவதுண்டு.

இடுப்புக்கும் முழங்காலுக்கும் பொதுவான நரம்புகள் இருப்பதால், நழுவியது இடுப்பில் என்றாலும் பிள்ளை கைவைத்துக் காட்டுவது சில நேரம் முழங்காலாக இருக்கும். முழங்காலுக்கு மட்டும் எக்ஸ்ரே எடுத்து, குறை ஒன்றும் இல்லை என்று தைலம் தடவிக்கொண்டே வாரங்களைக் கடத்தியவர்களைப் பார்த்திருக்கிறேன். விந்தி நடப்பதும், பாதம் வெளிப்புறமாகத் திரும்பியிருப்பதும், மல்லாந்து படுத்துக் காலை மடக்கும்போது தொடை தானாக வெளிப்பக்கம் சாய்வதும் கவனிக்க வேண்டிய அறிகுறிகள். அப்படியானால் இரண்டு இடுப்புகளுக்கும் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். நழுவல் உறுதியானால் அந்த நொடியிலிருந்து காலை ஊன்றவே கூடாது. மேலும் நழுவாமல் இருக்க அறுவை சிகிச்சையில் திருகாணி பொருத்துவார்கள். தாமதித்து, திடீரென்று பெரிதாக நழுவினால், தொடை எலும்பின் தலைக்குப் போகும் இரத்த ஓட்டம் தடைப்பட்டு அந்தப் பகுதியே செத்துப்போகலாம். ஓடச் சொல்வது ஏன் ஆபத்து என்பது இப்போது புரியும்.

கணுக்காலுக்கும் முழங்காலுக்கும் இடைப்பட்ட எலும்பின் கதை வேறு. அதன் மேல்முனையில் உட்புறத் தட்டு ஓயாமல் அழுத்தப்பட்டால் அந்தப் பக்கம் மட்டும் வளர்ச்சி மந்தமாகி, கால் வில்லாக வளையும். ப்ளவுன்ட் நோய் எனப்படும் இந்த வளைவு, பதின்வயதில் வந்தால், எடையைக் குறைப்பதால் மட்டும் நிமிராது.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2022இல் 5 முதல் 19 வயதுக்குட்பட்டவர்களில் 16 கோடிப் பேர் உடல் பருமனோடு இருந்தார்கள். எடையைக் குறைக்கத்தான் வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் வலியோடு வரும் பிள்ளைக்கு முதலில் பரிசோதனை, பிறகே பயிற்சி. அதிலும் மூட்டில் அதிகச் சுமை இறங்காத நீச்சலும் சைக்கிளும் முதலில் வரட்டும். ஒரு பக்கம் நழுவிய பிள்ளைக்கு மறுபக்கமும் நழுவ வாய்ப்பு இருப்பதால், வளர்ச்சித் தட்டு மூடும்வரை இரண்டு இடுப்புகளையும் தொடர்ந்து காட்டிவர வேண்டும்.