டெக்சாஸ்ல எல்டிசி (கைத்துப்பாக்கிய கூட எடுத்துட்டுப் போறதுக்கான லைசென்ஸ்) எடுத்த அனுபவம்

டல்லாஸ் பக்கம் இருக்கேன். க்ரீன் கார்டு வந்தப்புறம் ஐடி வேலைய விட்டுட்டு பிரெண்டோட சேந்து ஒரு கேஸ் ஸ்டேஷன் (பெட்ரோல் பங்க்) எடுத்தோம், ராத்திரி வசூல் பணத்தோட தனியா கார் வரைக்கும் நடக்கணும், அதுக்காகத்தான் துப்பாக்கி யோசனையே வந்துச்சு. ஹெச்1பி வேலை விசால இருக்கறவங்க ஆசைப்பட்டுடாதீங்க, வேட்டை லைசென்ஸ் மாதிரி சில விதிவிலக்கு தவிர அந்த விசால துப்பாக்கி வச்சிருக்கறதே ஃபெடரல் குத்தம். க்ரீன் கார்டுக்கு அந்தத் தடை இல்ல.

2021 செப்டம்பர் 1-லேர்ந்து இங்க 21 வயசு ஆனவங்க, சட்டப்படி தடை இல்லாதவங்க, லைசென்ஸ் இல்லாமலே கைத்துப்பாக்கிய வெளிய கூட எடுத்துட்டுப் போகலாம். அப்புறம் எதுக்குடா காசு குடுத்து கிளாஸுக்குப் போறன்னு பிரெண்டு கேட்டான். கடைக்குப் போற வழியில ஒரு ஸ்கூல் இருக்கு, ஸ்கூலச் சுத்தி 1000 அடிக்கு ஃபெடரல் தடை, அந்த ஸ்டேட் குடுத்த லைசென்ஸ் இருந்தாதான் நமக்கு விலக்கு. இது ஒண்ணே போதும் எனக்கு.

அப்ளிகேஷன் இங்க லைசென்ஸ் குடுக்கற டிபிஎஸ் துறையோட சைட்ல, 40 டாலர், அப்புறம் கைரேகை குடுக்கணும், அதெல்லாம் பாஸ்போர்ட் வேலை மாதிரிதான், சொல்றதுக்கு ஒண்ணுமில்ல.

கிளாஸ்தான் விஷயம். சுடச் சொல்லிக் குடுப்பாங்கன்னு போனா முக்காவாசி நேரம் எப்ப சுடக்கூடாதுங்கறதுதான் ஓடுச்சு. நடத்துனவர் ரிட்டயர்டு போலீஸ். ஒருத்தன் பார்க்கிங்ல உங்க அம்மா பேர இழுத்து வாய்க்கு வந்தபடி திட்டறான், என்ன பண்ணுவீங்கன்னு கேட்டாரு, ஆளாளுக்கு ஒண்ணு சொன்னாங்க, கடைசில அவரு கண்ணாடிய ஏத்திட்டு கார எடுத்துட்டு கெளம்புங்கன்னாரு. வெறும் வாய் வார்த்தைக்கு கை ஓங்கறதுக்கே சட்டத்துல இடம் இல்ல, துப்பாக்கி எங்க. உயிருக்கு ஆபத்து அந்த நிமிஷமே இருக்கணும், சண்டைய நாம ஆரம்பிச்சிருக்கக் கூடாது, சும்மா பயமுறுத்த எடுத்துக் காட்டுனாலே கேஸ் ஆகலாம். ஓடித்தான் தப்பிக்கணும்னு டெக்சாஸ் சட்டம் கட்டாயப்படுத்தல, ஆனா ஓட முடிஞ்சா ஓடிடுங்க, வக்கீல் ஃபீஸ விட செருப்பு தேயறது சீப்புன்னாரு. இந்த வீராப்பு பேசறவங்கள எல்லாம் அந்த ரூம்ல ஒக்கார வைக்கணும்.

அடுத்தது போர்டு பாடம். வாசல்ல துப்பாக்கியோட வரக்கூடாதுங்கற 30.06 நோட்டீஸ் இங்கிலீஷ்லயும் ஸ்பானிஷ்லயும் ஒரு இன்ச் எழுத்துல இருந்தா மறைச்சு வச்சிருந்தாலும் உள்ள போகக்கூடாது, 51%-னு செவப்புல இருந்தா அது பார், துப்பாக்கியோட போகவே கூடாது. போஸ்ட் ஆபீஸ், ஏர்போர்ட் செக்யூரிட்டிக்கு உள்ள எல்லாம் கெடையாது. இப்ப எந்தக் கடைக்குப் போனாலும் மொதல்ல கதவுல என்ன ஒட்டியிருக்குன்னுதான் கண்ணு போகுது.

ரேஞ்ச்ல 50 ரவுண்ட், 3 கஜத்துல 20, 7-ல 20, 15-ல 10, மொத்தம் 250-க்கு 175 வாங்குனா பாஸ். நிதானமா சுட்டா கஷ்டமே இல்ல, அதான் எனக்குக் கொஞ்சம் உறுத்துது, பயத்துல கை நடுங்கறப்ப எப்படி இருக்கும்னு இதுல தெரியாது. அதனால இன்னும் பிராக்டிஸ் போயிட்டிருக்கேன்.

ஊர்ல சித்தப்பாவுக்கு காட்டுப்பன்னிக்குன்னு லைசென்ஸ் துப்பாக்கி உண்டு, எலக்‌ஷன் வந்தா ஸ்டேஷன்ல ஒப்படைச்சிடணும். இங்க அப்படி இல்லன்னு சொன்னதும் அவரு நம்பவே இல்ல.

எல்டிசி கார்டு வந்தப்புறம் ஒருதடவ டெய்ல் லைட் எரியலன்னு போலீஸ் நிறுத்துனாங்க. துப்பாக்கி நம்மகூட இருக்கறப்ப போலீஸ் ஐடி கேட்டா டிரைவர் லைசென்ஸோட எல்டிசியும் சேத்துக் காட்டணும். ரெண்டு கையும் ஸ்டீரிங் மேல வச்சு, எங்க இருக்குன்னு சொல்லிட்டு, அவர் சொன்னப்புறம்தான் பர்ஸ எடுத்தேன். அவரும் சரின்னுட்டு லைட்ட மாத்துங்கன்னு அனுப்பிட்டாரு.

வீட்டுல சின்னப் பசங்க இருக்கறதால பெட் பக்கத்துலயே லாக்பாக்ஸ். 17 வயசுக்குக் கீழ உள்ள புள்ளைங்க கைக்கு எட்டற மாதிரி லோடு பண்ணி வச்சு அதுங்க எடுத்துட்டா பெரியவங்க மேல கேஸ் வரும். துப்பாக்கி வாங்கறதுக்கு முன்னாடி பாக்ஸ வாங்குங்க.