சுங்கை சிப்புட்டில் எங்கள் குலசாமி

போன ஆடியில் பெரியப்பா வீட்டுக்கு மலேசியா போயிருந்தேன். தாத்தாவோட அண்ணன் மகன் அவர், அதுவரை போனில் பேசியதோடு சரி. கோலாலம்பூரில் இடிஎஸ் ரயில் ஏறி, ஈப்போ தாண்டி சுங்கை சிப்புட்டில் இறங்கியதும் பெரியம்மா கேட்ட முதல் கேள்வி, "பசியாறிட்டியாப்பா?"

வெள்ளிக்கிழமை காலையில் எஸ்டேட் மாரியம்மன் கோயிலுக்குக் கிளம்பினோம். பெரியப்பா பிறந்த லயம், அதாவது தோட்டத் தொழிலாளிகளின் வரிசை வீடு, இப்போது இல்லை. அவர் பால் வெட்டிய ரப்பர் மரங்களும் இல்லை, எல்லாம் பாமாயில் எடுக்கும் செம்பனை. ஆட்கள் தாமான் என்கிற குடியிருப்பு வீடுகளுக்குக் குடிபோய்விட்டார்கள், ஆனாலும் ஆடி வெள்ளி கூழுக்கு நாலா பக்கமிருந்தும் காரில் வந்து இறங்குகிறார்கள். செம்மண் பாதை முடிகிற இடத்தில் தகரக் கூரைக்குக் கீழே மஞ்சள் பூசிய முகத்தோடு அம்மன். பார்த்ததும் கை தானாகக் கூப்பியது.

எங்கள் ஊர் முசிறிப் பக்கம். பெரிய தாத்தா 1937ல் நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறிப் போனவர். அடுத்த வருசமே, தோட்ட வேலைக்கு மலாயாவுக்கு ஆள் அனுப்புவதை இந்திய அரசு தடுத்துவிட்டது, அப்புறம் ஜப்பான்காரன் வந்தான், கடிதமும் நின்றுபோச்சு. குலசாமிக்கு வரி வராததால் ஊர்க் கணக்கில் அவர் தலைக்கட்டை, அதாவது வரி கட்டும் குடும்பம் என்கிற பதிவை, அடித்துவிட்டார்கள். "சாமியையே மறந்துட்டுப் போன மனுசன்" என்று எங்கள் அப்பாயி கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தது. நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன்.

தீபாராதனை முடிந்ததும் பெரியப்பா என்னைக் கோயில் மணிக்குப் பக்கத்தில் கூட்டிப்போய், "படிப்பா" என்றார். விபூதியும் எண்ணெயும் அடைத்துக் கிடந்த எழுத்தைக் கட்டைவிரலால் தேய்த்துத் தேய்த்துப் படித்தேன். எங்கள் ஊர் பெயர், முசிறி தாலுக்கா, திருச்சினாப்பள்ளி ஜில்லா, அதற்குக் கீழே "ஒரு தலைக்கட்டு உபயம், 1956." அந்த 'லை' தும்பிக்கை வைத்த பழைய லை. ஊரில் அடித்துப்போட்ட அதே தலைக்கட்டு! எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

அம்மன் பீடத்துக்கு அடியில் இருப்பது எங்கள் குலசாமி கோயில் பிடிமண் என்பதையும் அன்றைக்குத்தான் பெரியப்பா சொன்னார். பெரிய தாத்தா வேட்டி முந்தியில் முடிந்து வந்த மண்ணாம். பினாங்குக்கு முன்னால் ஜெரஜாக் தீவில் இறக்கி, நோய் இருக்கிறதா என்று பார்த்து, துணிமணிக்கெல்லாம் மருந்தடித்தபோது அந்த முடிச்சை வாய்க்குள் அடக்கிக்கொண்டாராம்.

வீட்டுக்கு வந்ததும் சாமி மாடத்திலிருந்து ஒரு பிஸ்கட் தகர டப்பாவை எடுத்தார். வருசா வருசம் ஊருக்கு அனுப்ப முடியாத வரியைப் பெரிய தாத்தா அதில் போட்டு வைத்திருக்கிறார். அந்தக் காசில்தான் மணி வாங்கினது. மிச்சம் இருப்பது ஜப்பான் காலத்து வாழைமர நோட்டுகள் மட்டும், 1945க்குப் பிறகு செல்லாமல் போனவை. சயாம் ரயில் பாதை போட ஆள் பிடித்துப்போன நாளில் காட்டுக்குள் ஒளிந்து பிழைத்தவர், கஞ்சிக்கே வழியில்லாத அந்த வருசங்களிலும் வரியை நிறுத்தவில்லை. ஒரு நோட்டை எடுத்துப் பார்த்தேன். மடிப்பில் நைந்து, ஓரத்தில் குங்குமக் கறை. அப்பாயி இருந்திருந்தால் அதன் கையில் வைத்திருப்பேன்.

ஊருக்குத் திரும்புகிற அன்றைக்குப் பெரியப்பா கேட்டார், "இப்ப ஊர்ல தலைக்கட்டு வரி எவ்வளவுப்பா?"

"ரெண்டாயிரம் பெரியப்பா."

சட்டைப் பையிலிருந்து மலேசியக் காசான வெள்ளியை எண்ணி எடுத்து, வெற்றிலையில் வைத்துக் கொடுத்தார்.

"கட்டிட்டு ரசீது அனுப்பு. என் பேருக்கு வேணாம், அப்பா பேருக்கே போடச் சொல்லு."