நாற்காலி இல்லாத டேபிள்

போன மாசக் கடைசி நாள் எங்க அண்ணன் ரிட்டயர் ஆனாரு. ஒரு எய்டட் காலேஜ் ஆபீஸ்ல ஜூனியர் அசிஸ்டெண்டா சேர்ந்து, அசிஸ்டெண்ட் ஆகி, கடைசி பதினாறு வருஷம் சூப்பரண்டெண்ட். அந்த சர்வீஸ்ல பெரும்பகுதி வீல்சேர்ல.

ஃபங்ஷன் நல்லாத்தான் நடந்துச்சு. மாலை, சால்வை, பிள்ளைங்க எல்லாம் சேர்ந்து ஒரு வெள்ளி குத்துவிளக்கு. மேடை ஏறிப் பேசினவங்க எல்லாருமே மனசார பேசினாங்க, அதுல சந்தேகமே இல்ல, ஆனா எல்லாரும் ஒரே விஷயத்தைத்தான் பேசினாங்க, நடக்க முடியாம போயும் தளராதவரு, தன்னம்பிக்கைக்கு எடுத்துக்காட்டு, அவரைப் பாத்து நாம கத்துக்கணும் அப்படின்னு. அண்ணன் தலையைக் குனிஞ்சுக்கிட்டே கேட்டுட்டு இருந்தாரு. திரும்பி வர்றப்ப வேன்ல ரொம்ப நேரம் பேசவே இல்ல, அப்புறம் மெதுவா, "எல்லாரும் என் காலைப் பத்தியே பேசுனாங்கடா தம்பி, ஒரு ஆளோட பென்ஷன் புரபோசல் கூட என் டேபிள்ல லேட் ஆனதில்லன்னு ஒருத்தராவது சொல்லுவாங்கன்னு பாத்தேன்" அப்படின்னாரு. அண்ணி அவரு தோளைத் தொட்டுட்டு ஒண்ணும் சொல்லல. கொஞ்ச தூரம் போனதும் அவரே, "பாகாயத்துல சொன்னாங்களே மேரி டாக்டரம்மா, அவங்களையும் இப்படித்தான் பேசியிருப்பாங்க இல்ல" அப்படின்னு கேட்டாரு. அன்னிக்கு ராத்திரியே இதை எழுதணும்னு தோணிடுச்சு. அண்ணன், வேலூர் டாக்டர் மேரி வர்கீஸ், ரெண்டு பேரைப் பத்தியும் சேர்த்தே எழுதுறேன், எனக்கு அவங்களைப் பிரிச்சு யோசிக்க வரல.

1998ல, மழைக்கு முன்னாடி டிவி ஆன்டெனாவைச் சரி பண்ணுறேன்னு மொட்டை மாடி கைப்பிடிச் சுவர் மேல ஏறின அண்ணன் பின்பக்கமா விழுந்துட்டாரு. வயசு 33. பதறிப்போய் தெருவே ஓடி வந்து அக்குள்ல ஒருத்தர் முட்டிக்கடியில ஒருத்தர்னு கை கொடுத்து மடக்கித் தூக்கி ஆட்டோல உக்கார வச்சோம். முதுகுத்தண்டுல அடிபட்ட ஆளை அப்படித் தூக்கவே கூடாது, கட்டையோ கதவுப் பலகையோ எதுவா இருந்தாலும் அதுல படுக்க வச்சு உடம்பு வளையாம, கழுத்து திரும்பாம எடுத்துட்டுப் போகணும்னு எங்கள்ல ஒருத்தருக்கும் தெரியாது. தூக்கினதுல நானும் ஒருத்தன். இதைப் படிக்கிறவங்க வேற எது மறந்தாலும் இதை மட்டும் மறக்காதீங்க.

இடுப்புக்குக் கீழ உணர்ச்சியே இல்ல. முதல்ல சேர்த்த ஆஸ்பத்திரியில ஒரு மாசம் இருந்து, இடுப்புல உள்ளங்கை அகலத்துக்குப் படுக்கைப் புண்ணோட வெளியே வந்து, யாரோ சொல்லித்தான் வேலூருக்குப் போனோம். சி.எம்.சி. ஆஸ்பத்திரியில புண்ணு ஓரளவு ஆறினதும் அவங்களோடதே பாகாயத்துல இருக்கிற ரிஹாப்புக்கு, அதாவது மறுவாழ்வு மையத்துக்கு அனுப்பினாங்க. நானும் அண்ணியும் மாத்தி மாத்தி கூட இருந்தோம், நாலு மாசம்.

அந்த நாலு மாசம் எனக்கு ஒரு காலேஜ் மாதிரி. படுத்திருந்தா ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திரும்பணும். வீல்சேர்ல உக்காந்திருந்தா அரைமணி நேரம் தாண்ட விடாம ரெண்டு கையையும் ஊன்றி உடம்பைத் தூக்கி இறக்கணும், இல்லன்னா உக்கார்ற எலும்புக்கு அடியில ரத்தம் ஓடாம தோல் செத்துப்போகும், வலியே தெரியாததுனால அந்த ஆளுக்குத் தெரியவே தெரியாது. தினமும் காலையில கண்ணாடியைப் பின்னாடி பிடிச்சு எங்கயாவது சிவந்திருக்கான்னு தானே பாத்துக்கணும். ட்யூப் போட்டு நேரத்துக்கு நேரம் சிறுநீரைத் தானே எடுத்துக்கணும். பெட்ல இருந்து சேருக்கு ஒரு வழுவழுப்பான பலகை போட்டு வழுக்கி மாறணும். அண்ணி முதல் வாரம் அழுதாங்க, மூணாவது வாரம் பக்கத்து பெட் அம்மாவுக்குச் சொல்லிக் கொடுத்துட்டு இருந்தாங்க.

அங்கதான் மேரி வர்கீஸ் பேரைக் கேட்டோம். இந்த இடத்தை ஆரம்பிச்ச டாக்டரம்மாவே வீல்சேர்லதான் இருந்தாங்கன்னு ஒரு ஊழியர் சாதாரணமா சொல்லிட்டுப் போயிட்டாரு. அண்ணன் அன்னிக்கு ராத்திரி தூங்கல. நாங்க போனப்ப அவங்க இறந்து 12 வருஷம் ஆகியிருந்துச்சு.

அவங்க 1925ல கொச்சியில பொறந்தவங்க, வசதியான குடும்பம். வேலூர்ல படிச்சு டாக்டராகி அங்கயே வேலை பாத்துட்டு இருந்தாங்க. 1954 ஜனவரியில கூட வேலை பார்த்தவங்களோட ஒரு வண்டியில வெளியே கிளம்பிப் போறப்ப வண்டி கவிழ்ந்துடுச்சு, முகத்துல காயம், முதுகுத்தண்டு போச்சு, வயசு 28. எந்த ஆஸ்பத்திரியில ரவுண்ட்ஸ் போனாங்களோ அதே ஆஸ்பத்திரியில படுக்கையில.

அந்த நேரத்துல அங்க பால் பிராண்டுன்னு ஒரு சர்ஜன் இருந்தாரு. 1914ல நம்ம கொல்லிமலையில பொறந்தவரு, மிஷனரி குடும்பம். தொழுநோய் வந்தவங்களோட விரல் தானா அழுகி விழறதில்ல, உணர்ச்சி இல்லாததுனால சுட்டுக்கிட்டும் வெட்டிக்கிட்டும் வலி தெரியாம விட்டு விட்டுத்தான் விரல் போகுதுன்னு உலகத்துக்கு எடுத்துச் சொன்னவங்கள்ல முக்கியமானவரு. மடங்கிப்போன விரலுக்கு வேற தசையோட நாரை இடம் மாத்தித் தச்சு, திரும்ப ஒரு டம்ளரைப் பிடிக்கிற அளவுக்குக் கையைக் கொண்டு வர்ற ஆபரேஷன் பண்ணிட்டு இருந்தாரு. அவருதான் மேரி டாக்டரைப் பாத்து, நீங்க திரும்ப சர்ஜரி பண்ணலாம்னு தைரியம் கொடுத்தவரு.

இதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் என்னன்னா, அவரு சும்மா ஆறுதலுக்குச் சொல்லல. கை ஆபரேஷனை டாக்டருங்க பொதுவா உக்காந்துதான் பண்ணுவாங்க, நோயாளியோட கை தனியா ஒரு சின்ன டேபிள் மேல நீட்டி இருக்கும், டாக்டர் அதுக்குப் பக்கத்துல உக்காந்துப்பாரு. அப்ப அந்த வேலைக்குக் கண்ணும் கையும் மூளையும்தான் வேணும், காலு வேண்டாம். அவங்களுக்கு இரக்கம் காட்டி ஒரு மூலையில உக்கார வைக்காம, அவங்களால முழுசா செய்யக்கூடிய வேலை எதுன்னு தேடிக் கண்டுபிடிச்சிருக்காங்க. மேரி டாக்டர் முதுகு நேரா நிக்கிறதுக்குத் திரும்பத் திரும்ப ஆபரேஷன் பண்ணிக்கிட்டு வந்து அந்த டேபிள்ல உக்காந்தாங்க, தொழுநோயாளிங்க கையைச் சரி பண்ணினாங்க. தன் கால்ல உணர்ச்சி இல்லாத ஒருத்தங்க, கையில உணர்ச்சி இல்லாத இன்னொருத்தரோட கையைப் பிடிச்சு வேலை செய்யறாங்க. வலி தெரியாத தோலை எப்படிக் காப்பாத்தணும்ங்கிற பாடம் ரெண்டு பேருக்கும் ஒண்ணுதான். அண்ணன் தினமும் காலையில கண்ணாடி பிடிச்சுப் பாக்குறதும் அதேதான்.

அதுக்கப்புறம் ஆஸ்திரேலியாவுல பெர்த்ல போய்த் தனக்கே பயிற்சி எடுத்துக்கிட்டாங்க, தானே எழுந்து தானே உடுத்தி தானே சேர்ல ஏறிக்கிற வரைக்கும். அங்கிருந்து நியூயார்க்ல ஹவர்ட் ரஸ்க் நடத்தின இன்ஸ்டிட்யூட்ல மறுவாழ்வு மருத்துவம் படிச்சாங்க. திரும்பி வந்து 1963ல வேலூர்ல அந்தத் துறைக்கே தலைவர். பாகாயம் ரிஹாப் 1966 நவம்பர்ல திறந்தாங்க, நாட்டுலயே இந்த மாதிரி முதல்ல வந்த இடங்கள்ல அது ஒண்ணு. 1972ல பத்மஸ்ரீ. 1986ல இறந்தாங்க.

அவங்களுக்கு வசதியான வீடு இருந்துச்சு, வேலை பார்த்த இடமே ஆஸ்பத்திரியா இருந்துச்சு, கைதூக்கி விட பெரியவங்க இருந்தாங்க. இதைச் சொல்லாம வெறும் மனவலிமைன்னு மட்டும் சொன்னா பொய்யாயிடும். அதே 1954ல அதே மாதிரி அடிபட்ட ஒரு கூலிக்காரருக்கு இதுல எதுவும் கிடைச்சிருக்காது. அது அவங்களுக்கே நல்லாத் தெரிஞ்சிருக்கணும், அதனாலதான் தனக்கு வெளிநாட்டுல கிடைச்சது இங்க மத்தவங்களுக்கும் கிடைக்கணும்னு ஒரு கட்டடத்துக்காக அத்தனை வருஷம் உழைச்சிருக்காங்க. ஆபரேஷன் பண்ணினதை எல்லாரும் எழுதுவாங்க. ஒரு துறைத் தலைவரா பெட் எத்தனை வேணும், தெரபிஸ்ட் எத்தனை பேர் வேணும், வாசக்கதவு எவ்வளவு அகலம், பணம் எங்கிருந்து வரும்னு உக்காந்து பாத்த வேலையை யாரும் பெருசா எழுதுறதில்ல. என் அண்ணன் படுத்திருந்த பெட் அந்த வேலையாலதான் வந்துச்சு.

அண்ணன் டிஸ்சார்ஜ் ஆகுறதுக்குள்ள காலேஜ்ல இருந்து ஒரு லெட்டர் வந்துச்சு, உடல் தகுதி இல்லாததுனால வேலையை விட்டு இன்வாலிட் பென்ஷன்ல போயிடுங்கன்னு. எனக்குக் கையெல்லாம் நடுங்குச்சு. ரிஹாப்ல இருந்த சோஷியல் வொர்க்கர் அதை வாங்கிப் படிச்சுட்டு, 1995ல ஒரு சட்டம் வந்திருக்கு, அதுல 47ஆவது பிரிவுன்னு சொல்லி ஒரு தாள்ல எழுதிக் கொடுத்தாங்க. வேலையில இருக்கும்போது ஊனம் வந்தா அவரை வேலையை விட்டு அனுப்பக் கூடாது, பதவி குறைக்கக் கூடாது, அந்த வேலை முடியாதுன்னா அதே சம்பளத்துல வேற வேலை தரணும், அதை வச்சு ப்ரொமோஷனையும் மறுக்கக் கூடாது. அரசு உதவி வாங்குற நிறுவனத்துக்கும் அது பொருந்தும். இப்ப இருக்கிற 2016 சட்டத்துலயும் 20ஆவது பிரிவுல அது இருக்கு. அந்தத் தாளை அண்ணன் இன்னும் வச்சிருக்காரு, மடிப்புல கிழிஞ்சு போயி, லேமினேட் பண்ணி.

1999 ஜனவரியில திரும்ப ஜாயின் பண்ணினாரு. வாசல்ல மூணு படி. கொத்தனார் வந்து நாலடி நீளத்துக்கு ஒரு சரிவு கட்டிட்டுப் போனாரு, அதுல ஏறினா சேர் பின்னாடி சாயும், இறங்கினா கட்டுக்கடங்காம ஓடும். ஒரு அடி உயரத்துக்குப் பன்னெண்டு அடி நீளம் வேணும்ங்கிறது கணக்கு. மூணு படி ஒன்றரை அடின்னா பதினெட்டு அடி. அதைச் சொன்னா இடத்தை அடைக்கும்னு பதில். அட்டெண்டர் ரெண்டு பேர் தினமும் பிடிச்சு ஏத்துவாங்க, அவங்க லீவுன்னா அண்ணனும் லீவு. டாய்லெட் கதவு ரெண்டடி, சேர் அகலம் 26 இன்ச். அதனால காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் தண்ணியே குடிக்க மாட்டாரு. ரிஹாப்ல நிறையத் தண்ணி குடிக்கணும்னு தலையில அடிச்சு சொல்லி அனுப்பியிருந்தாங்க, இவரு குடிக்காம இருந்து மூணு தடவை யூரின் இன்ஃபெக்ஷன்ல ஜுரத்தோட படுத்தாரு. மூணு வருஷம் இப்படி. அந்த மூணு வருஷத்தை நினைச்சா எனக்கு இன்னிக்கும் கோபம் அடங்கல. கதவை ஒரு அடி அகலமாக்க ஒரு நாள் வேலை.

2009ல சூப்பரண்டெண்ட் ஆனதும்தான் மத்ததெல்லாம் மாறுச்சு. அதுவரைக்கும் அவரு மனு எழுதுவாரு, யாரோ நோட் போடுவாங்க, அது எங்கயோ போய் நிக்கும். இப்ப நோட் போடுற ஆள் அவரே. முதல் வருஷமே பதினெட்டடி ராம்ப் வந்துச்சு, இடத்தையும் அடைக்கல. ஃபீஸ் கவுண்டர்ல ஒரு பக்கத்தை ரெண்டரை அடி உயரத்துக்கு இறக்கினாரு, சேர்ல வர்ற பிள்ளைங்களுக்கு மட்டுமில்ல, டி.சி. வாங்க வர்ற பாட்டிங்களும் அங்கதான் கை ஊன்றி நிப்பாங்க. மாடியில பரீட்சை ஹால் போட்டிருந்தா அந்தப் பிள்ளைங்க பேரைத் தேடித் தேடி கீழ் ஹாலுக்கு மாத்துவாரு. 2013ல சொல்றதை எழுத ஆள் வச்சு பரீட்சை எழுதுறவங்களுக்கு மணிக்கு 20 நிமிஷம் கூடுதலா கொடுக்கணும்னு கைட்லைன் வந்தப்ப, அதைப் பிரிண்ட் எடுத்து ஒவ்வொரு ஹால் சூப்பரண்டெண்ட் கையிலயும் கொடுத்துட்டு, மூணு மணி நேரப் பேப்பர்னா ஒரு மணி நேரம் கூட, கணக்கு சரியான்னு கேட்டுட்டுத்தான் விடுவாரு. பார்வை இல்லாத ஒரு பொண்ணு எம்.ஏ. முடிச்சுட்டு இப்ப ஒரு ஸ்கூல்ல டீச்சர். ஃபங்ஷனுக்கு வந்திருந்துச்சு. "சாரோட குரல் கேட்டா பரீட்சை பயம் போயிடும்"னு சொல்லிட்டு கையைத் தடவிப் பாத்துட்டுப் போச்சு. அந்தப் பொண்ணை மேடையில பேசச் சொல்லியிருக்கலாம்.

மத்தபடி அவரு பண்ணினது எல்லா ஆபீஸ் சூப்பரண்டெண்டும் பண்ற வேலைதான். சேலரி பில், இன்க்ரிமெண்ட், ஸ்காலர்ஷிப் லிஸ்ட், ஜே.டி. (இணை இயக்குநர்) ஆபீஸ் கேள்விக்குப் பதில், ஆடிட் வந்தா ராத்திரி எட்டு மணி வரைக்கும் வவுச்சர். ஸ்வீப்பரா இருந்த ஒரு அம்மாவோட சர்வீஸ் ரிஜிஸ்டர்ல பிறந்த தேதி தப்பா ஏறியிருந்ததைச் சரி பண்ண ஒன்றரை வருஷம் லெட்டர் மேல லெட்டர் போட்டாரு. வேன்ல அன்னிக்கு அவரு கேக்க ஆசைப்பட்டது இதையெல்லாம்தான்.

அவரு டேபிளுக்குக் கீழ நாலு காலுக்கும் நாலு கட்டை வச்சிருக்கும், முட்டி இடிக்காம சேர் உள்ள போறதுக்கு. ஃபங்ஷன் முடிஞ்சு சாவிக்கொத்தை ஒப்படைக்க ஆபீசுக்குள்ள போனோம். புதுசா பொறுப்பு எடுக்கிற மேடம் டேபிளுக்குப் பின்னாடி போய் நின்னாங்க, உக்கார நாற்காலி இல்ல. பதினாறு வருஷமா அந்த டேபிளுக்கு நாற்காலியே போட்டதில்லையே. அட்டெண்டர் ஓடிப்போய் ஸ்டாஃப் ரூம்ல இருந்து ஒண்ணு தூக்கிட்டு வந்தாரு. உக்காந்து பாத்தா டேபிள் அவங்களுக்கு ரொம்ப உயரம். "கட்டையை எடுத்துடவா சார்"னு அந்த மேடம் தயங்கித் தயங்கி கேட்டாங்க. "தாராளமா எடுத்துக்கங்கம்மா, ஆனா கட்டையைத் தூக்கிப் போட்டுடாதீங்க, பீரோவுக்கு மேல வச்சிடுங்க, பின்னாடி யாருக்காவது வேணும்"னு அண்ணன் சொன்னாரு. அட்டெண்டர் அங்கயே ஒவ்வொண்ணா உருவி, தூசி தட்டி, பீரோ மேல அடுக்கினாரு.

அடுத்த மாசம் செக்கப்புக்குப் பாகாயம் போறோம். அண்ணி இப்பவே பையை எடுத்து வச்சாச்சு.