சண்டை விலக்கிய அம்மன்

கோவாவில் கோயில் பார்க்க வேண்டுமென்றால் கடற்கரைக்கு முதுகைக் காட்டிவிட்டு, பணஜியில் பொண்டா போகும் பஸ்ஸில் ஏறிவிட வேண்டும். மங்கேஷி, மார்தோல், கவ்ளே என்று பேர்பெற்ற கோயில்கள் அந்தப் பக்கம்தான்.

இந்தத் தெய்வங்களுக்கு அது பூர்விக ஊர் இல்லை. மங்கேஷியின் சிவன் மங்கேஷ் இருந்தது கோர்த்தலிம், மார்தோல் அம்மன் மகாலசா வேர்ணா, கவ்ளே அம்மன் சாந்தாதுர்கா கெளோஷி. மூன்றும் சுவாரி ஆற்றுக்குத் தெற்கே. 16-ஆம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் அங்கே கோயில்களை இடிக்கத் தொடங்கியதும், ஊர்க்காரர்கள் மூர்த்திகளைத் தூக்கிக்கொண்டு ஆற்றைக் கடந்துவிட்டார்கள். மங்கேஷ் லிங்கம் 1560-இல் வந்தது. அக்கரை அப்போது பிஜப்பூர் அடில்ஷாவின் கையில். சிவனுக்கு ஒரு சுல்தானின் மண்ணில் அடைக்கலம்! இன்று மேடையில் பேசுகிறவர்கள் இதைச் சொல்வதில்லை.

மங்கேஷியில் கூட்டம். ஏழு அடுக்கு தீபஸ்தம்பத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு, லதா மங்கேஷ்கரின் குடும்பப் பெயர் இந்த ஊரிலிருந்து வந்ததுதான் என்று நினைத்துக்கொண்டே கிளம்பிவிட்டேன்.

மனம் நின்றது கவ்ளேயில். இப்போதுள்ள கோயில் 1738-இல், மராட்டிய மன்னர் சாஹு மகாராஜா காலத்தில் எழுந்தது. கோபுரத்தைத் தேடும் நம் கண்ணுக்குக் கும்மட்டமும் வளைவு ஜன்னல்களும்தான் கிடைக்கும். உள்ளே கொத்துக் கொத்தாகக் கண்ணாடி விளக்குகள் தொங்கும். விரட்டியவர்களின் கட்டடக் கலை, விரட்டப்பட்ட தெய்வத்தின் வீட்டுக்குள்ளேயே வந்து உட்கார்ந்திருக்கிறது. சிவனும் விஷ்ணுவும் போரிட்டபோது நடுவே புகுந்து இருவரையும் சமாதானப்படுத்தியவள் இந்தச் சாந்தாதுர்கா என்பது ஐதிகம். அதனால்தான் கையில் இரண்டு பாம்புகள்: ஒன்று சிவன், மற்றது விஷ்ணு. மகிஷனை மிதிக்கும் துர்கையையே பார்த்துப் பழகிய எனக்கு, சண்டையை விலக்கிவிட வந்தவளைக் கும்பிடுவது புதிதாக இருந்தது.

இங்கேயும் பூ வைத்து உத்தரவு கேட்கிறார்கள். மூர்த்தியின் மேல் இதழ்களை ஒட்டிவைத்து, எந்தப் பக்கத்து இதழ் முதலில் விழுகிறது என்று பார்ப்பது. பெயர் கௌல். கல்யாணம், வீடு, வியாபாரம் எல்லாம் அந்த இதழ் விழுவதைப் பொறுத்தது. மங்களூரிலும் கொச்சியிலும் தலைமுறைகளாக வாழும் கொங்கணிக் குடும்பங்கள்கூட, குலதெய்வம் என்று இந்தக் கோயில்களுக்குத்தான் வருகின்றன.

சரி, ஊரிலேயே தங்கி மதம் மாறியவர்கள்? அதற்குத் தெற்கே குன்கொலிம் போக வேண்டும். அந்த ஊர்ச் சாந்தாதுர்காவும் பாத்தர்பாவுக்கு இடம்பெயர்ந்தவள்தான். பால்குன மாதத்தில் (பிப்ரவரி–மார்ச்) குடைகள் சூழ அவள் பழைய ஊருக்கு ஊர்வலமாக வருகிறாள். ஒரு குலத்துக்கு ஒரு குடை என்று பன்னிரண்டு குடைகள். அந்தக் குலங்களில் கிறிஸ்தவர்களும் உண்டு; மாதா கோயிலுக்குப் போகத் தொடங்கிய பிறகும் அம்மனின் குடையில் தங்களுக்குள்ள பாத்தியதையை அவர்கள் விட்டுக்கொடுக்கவில்லை. போகிறவர்களுக்கு ஒன்று: வழிநெடுக குலால் என்னும் வண்ணப் பொடியை வாரி இறைப்பார்கள், வெள்ளைச் சட்டை வேண்டாம்.