பையைப் பின்னிணைப்பில் போடு

"கிழிஞ்சது காத்துல இல்ல சார், பையிலேருந்து வெளிய வரும்போதே" என்று என் புராஜெக்ட் மாணவி சொன்னதற்கு நான் சொன்ன பதில், "சரிம்மா, அதைப் பின்னிணைப்புல போடு." புராஜெக்ட் நேரத்தில் எந்த வழிகாட்டியும் சொல்லக்கூடியதுதான். ஆனாலும் மனசு திரும்பத் திரும்ப அந்த இடத்திலேயே போய் நிற்கிறது.

அவள் சொன்னது ஐரோப்பிய விண்வெளி நிறுவனத்தின் செவ்வாய்த் திட்டமான எக்ஸோமார்ஸின் பாராசூட்டை. 2019-ல் ஸ்வீடனின் கிருனாவில், ஹீலியம் பலூனில் 29 கிலோமீட்டர் உயரத்துக்கு ஏற்றி அங்கிருந்து விட்டார்கள். அவ்வளவு மேலே போனால்தான் நம் காற்று செவ்வாயின் காற்றளவுக்கு மெலியும். மே மாதம் 15 மீட்டர், 35 மீட்டர் இரண்டு பாராசூட்டும் கிழிந்தன. பாராசூட்டை மடித்து வைக்கும் பையில் சில மாற்றம் செய்து ஆகஸ்டில் மறுபடி விட்டார்கள், பெரியது விரியும் முன்பே சேதம். அப்புறம் தரையிலேயே பையிலிருந்து வேகமாக இழுத்து இழுத்துப் பார்த்து, உராய்வு குறையும்படி பையை மாற்றினார்கள்.

இவளுக்கு வீடு காசிமேடு. கடலில் விடும்போது சிக்காமல் ஓட வேண்டும் என்று படகில் வலையை அடுக்குவார்களே, அப்பா அடுக்குவதைப் பார்த்து அதே மாதிரி தன் புராஜெக்ட் பாராசூட்டின் கயிறுகளைப் பைக்குள் மடித்திருந்தாள். பிளாக் மொட்டை மாடியிலிருந்து போட்டுப் பார்த்ததில் நன்றாகவே விரிந்தது. ரிப்போர்ட்டில் பாதி பைதான். காற்று எவ்வளவு பிடித்து இழுக்கும் என்று சொல்லும் இழுவைக் கெழு எங்கே, வேகம் ஒலியைப் போல் எத்தனை மடங்கு என்று சொல்லும் மாக் எண் எங்கே? வெளியிலிருந்து தேர்வாளராக எக்ஸ்டர்னல் வந்தால் முதலில் அதைத்தானே கேட்பார்? மார்க் போவது எனக்கு இல்லை, அவளுக்கு.

வெறும் மார்க் பயம் என்றும் சொல்லிவிட முடியாது. என்னிடமும் ஒரு உதாரணம் இருந்தது. நாசா 2014-லும் 2015-லும் ஹவாயில், செவ்வாயில் இறங்குவதற்காக, எல்டிஎஸ்டி என்று ஒரு சோதனை செய்தது. பலூனில் சுமார் 36 கிலோமீட்டர், அங்கிருந்து ராக்கெட்டால் இன்னும் மேலே தள்ளி, ஒலியை மிஞ்சிய வேகத்தில் 30 மீட்டர் பாராசூட்டை விரித்தார்கள். இரண்டு தடவையும் கிழிந்தது. அந்த வேகத்தில் துணிமேல் விழும் சுமையை மொட்டை மாடி காட்டாது, அதற்குத்தான் கணக்கு என்றேன்.

"அதையும் கணக்குப் போட்டுத்தானே சார் தச்சாங்க?"

அவள் எதிர்த்துப் பேசவில்லை, நிஜமாகவே கேட்டாள். நான் அட்டவணைகளைக் காட்டி எதையோ சொன்னேன். அந்த வயதில் நானாக இருந்தால் இப்படிக் கேட்டிருப்பேனா என்று தெரியவில்லை. வழிகாட்டி சொன்னதைத்தான் எழுதியிருப்பேன், அப்படித்தான் இந்த வேலைக்கும் வந்தேன்.

எக்ஸ்டர்னல் நான் நினைத்தபடியே மாக் எண்ணைக் கேட்டார், அவள் தடுமாறாமல் சொன்னாள், நல்ல மார்க். ஆக நான் சொன்னது சரிதான். பின்னிணைப்புப் பக்கம் அவர் கை போகவே இல்லை. வெளியே வந்ததும் "பை சாப்டரை அவர் படிச்சிருப்பாரா சார்?" என்று கேட்டாள். "படிச்சிருப்பாரும்மா" என்றேன். இந்த வருஷம் ஒரு பையன் வந்து, பை மட்டும்தான் செய்வேன், கணக்கே வேண்டாம் என்கிறான். அவனையும் விட முடியாது.