குதிரை பூட்டி உழும் போஜொலே இளைஞர்கள்
பிரான்ஸின் போஜொலே என்றாலே நவம்பர் மூன்றாம் வியாழக்கிழமை கடைக்கு வரும் புது ஒயின்தான் பலருக்கும் ஞாபகம் வரும். இப்போது அங்கே நிலம் பிடிக்கும் இளைஞர்கள் கதையே வேறு. பக்கத்து பர்கண்டியில் விலை கேட்கவே முடியாது, இங்கே அவ்வளவாகக் கையைக் கடிக்காது. களைக்கொல்லி அடிப்பதில்லை, சிலர் கொடி வரிசைகளுக்கு நடுவே குதிரை பூட்டி உழுகிறார்கள். கமே திராட்சையை நசுக்காமல் குலைகுலையாகத் தொட்டியில் போட்டு மூடினால், பழத்துக்குள்ளேயே நொதிக்க ஆரம்பித்துவிடும். வெளி ஈஸ்ட்டும் கிடையாது.

புதுமை என்கிறார்கள், சரி. இதே போஜொலேயில் ஒயின் தயாரித்த மார்செல் லாபியர் 1980களிலேயே செய்த வேலைதான் இது!

அப்புறம், இயற்கை முறை என்றால் மருந்தே இல்லை என்று நினைக்க வேண்டாம். பூஞ்சைக்குத் தாமிரம் தெளித்தே ஆகவேண்டும். ஐரோப்பிய ஒன்றிய வரம்பு, ஹெக்டேருக்கு 7 வருடத்தில் 28 கிலோ.